ஐந்தாவது வீடியோவில் ஒரு விசில்

இணையத்தில் என் பாடப்பக்கத்தில் ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பட்டை இருக்கும். வீடியோவைத் திறந்து கடைசிவரை ஓடவிட்டால் பட்டை பச்சையாகும், திறக்காவிட்டால் சிவப்பு. மற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பிவிட்டு ஆன்லைன் வகுப்பு எடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் புள்ளியியல் பாடத்துக்கு வீடியோ, வாரத் தேர்வு, சந்தேகம் கேட்க ஓர் இடம் என்று முறையாக உட்கார்ந்து செய்திருந்தேன். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள்.

அன்று மத்தியானம் அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக முழுக்கச் சிவப்பு. ஒரு வீடியோகூடத் திறக்கவில்லை. ஆனால் வாரத் தேர்வுகளில் அவள்தான் முன்னால் நின்றாள்.

எங்கள் துறைத் தலைவி வலியசாலைக்காரர், என்னைப் போலவே மலையாள ஊரில் வளர்ந்த தமிழ் வீட்டுக்காரர். அறையில் வேறு யாரும் இல்லையென்றால் எங்களுக்குள் வீட்டுத் தமிழ்தான்.

"வீடியோவே பாக்காதவளுக்கு மார்க் மட்டும் எப்படி வரும்? வேற யாரோ எழுதிக் குடுக்கறா. ஆபீஸ் மூடறதுக்குள்ள லிஸ்ட் போயாகணும். அவ பேரைச் சேர்த்துடுங்கோ" என்றார்.

அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் வீண். "ஒரு தடவை அவகிட்ட பேசிட்டு வரேனே" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் பாறசாலைப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஆசிரியர் அறைக்கு வந்து மேசைக்கு எட்டவே நின்றாள். வாசலுக்கு வெளியே அவளுடைய தோழி இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"வீடியோ எல்லாம் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"உன் லாகின்ல ஒண்ணுமே இல்லியே. எதுல பாத்தே?"

இன்னொரு முறை கேட்டேன். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இவளுக்காக வாதாடிவிட்டு வந்திருக்கிறேன், இவளோ கல்லாக நிற்கிறாள்.

"பரீட்சையை யார் எழுதித் தந்தா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"நான்தான் சார் எழுதினேன்." கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொல்லலாம். போட்டுவிடுவாள். புத்தகத்தைப் பார்த்துப் படித்திருப்பாள் என்று தலைவி சொல்லிவிடுவார். வீடியோ பார்த்ததற்குத்தான் ஆதாரம் வேண்டும். கீழே அலுவலகத்தில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"சரி. வீடியோவில இருக்கறது, புஸ்தகத்துல இல்லாதது, ஏதாவது ஒண்ணு சொல்லு."

தயங்கினாள். "அஞ்சாவது வீடியோல... சொல்லலாமா சார்?"

"சொல்லு."

"உள்ளேருந்து ஒரு அம்மா, 'ஏன்னா, எத்தனை விசில் ஆச்சு'ன்னு கேப்பாங்க. சார் 'மூணு'ன்னு சொல்லுவீங்க. பின்னே போர்டுலயும் வகுக்கற இடத்துல மூணுன்னு எழுதிட்டீங்க. அஞ்சு நம்பர் இருந்தா ஒண்ணு கழிச்சு நாலால அல்லே சார் வகுக்கணும்?"

எனக்குக் காது சுட்டது. அவள் எதிரிலேயே வீடியோவை ஓடவிட்டேன். கரமனையில் எங்கள் வீட்டு முன்னறை. பின்னால் குக்கர் சீறுகிறது. என் மனைவியின் குரல். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஏதோ சூத்திரம் சொல்வதுபோல, "மூணு" என்கிறேன். கை அதே வேகத்தில் போர்டில் மூன்று என்று எழுதுகிறது.

சிரித்திருக்க வேண்டிய விஷயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"யார் போன்ல பாத்தே?" என்று இந்த முறை மெதுவாகக் கேட்டேன்.

"சொன்னா அவளுக்கும் மார்க் போவுமா சார்?"

"போகாது."

அப்புறம்தான் சொன்னாள். அவளுடைய போனில் தேர்வுப் பக்கம் எப்படியோ திறக்கும், வீடியோ நகராது, சுற்றிக்கொண்டே இருக்கும். தோழி வீட்டில் வைஃபை உண்டு. அவள் இறக்கி வைத்துக்கொண்டு வருவாள். ரயிலில் ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். தம்பானூர் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும்.

தலைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், போர்டில் நான் எழுதிய தப்பைத் தவிர. பட்டியல் கையெழுத்துக்குத் தயாராக அவர் முன்னால் இருந்தது.

"விசில் கதையை அந்தக் கூட்டுக்காரி சொல்லிக் குடுத்திருப்பா. சிஸ்டம் ஒண்ணு சொல்லறது, நாம ஒண்ணு சொல்ல முடியுமா?" என்றார். பேனாவின் மூடியைக் கழற்றியும்விட்டார்.

பாடம் தொடங்குமுன் வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுத்தவர் அவர்தான். அதனால் அவர் பெயரும் அந்தப் பக்கத்தில் இருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பேனா தாளைத் தொடப்போனது.

"மேடம், அஞ்சாவது வீடியோல நான் என்ன தப்புப் பண்ணியிருக்கேன்?"

"தப்பா? எல்லாம் சரியாத்தானே இருந்தது."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, நாலுக்குப் பதில் நான் எழுதிய மூன்றைக் காட்டினேன். பிறகு பட்டைகளைத் திறந்தேன். அவருடைய பட்டை முழுப் பச்சை. அதற்குக் கீழே என்னுடையதும் பச்சை. பதிவேற்றிய அன்று ஓடவிட்டுவிட்டு நான் காபி குடிக்கப் போயிருப்பேன். அதற்கும் கீழே வகுப்பே பச்சை. சந்தேகம் கேட்கும் இடத்தைத் திறந்து காட்டினேன். அந்த மூன்றைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

அவர் தன் பட்டையையும் என்னுடையதையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பட்டியலில் அவள் பெயரை அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார்.

"முதல்ல அந்த வீடியோவை மாத்துங்கோ" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தால், இருவரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ரயிலுக்கு நேரமாகியிருந்தும் போகவில்லை. "உன் பேர் இல்லம்மா. பரீட்சைக்குப் படி" என்றேன். தோழி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு படி இறங்கியவள் நின்று திரும்பினாள்.

"சார், அது நாலுதானே? சார் மூணுன்னு எழுதினா மூணாத்தான் இருக்கும்னு இவ சொன்னா. டிரெயின்ல ஒரு வாரம் சண்டை."



"நாலுதாம்மா" என்றேன்.