மூன்றாம் தரம் கேட்கும்வரை

ஜெர்மனியில், ஹனோவரில், எங்கள் தோட்டச் சங்கத்துக்குப் புதிய தலைவர் தேவை என்று வாசல் படலையில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். வீட்டோடு நிலமில்லாத நகரத்து மனிதர்கள் ஆளுக்கொரு துண்டை வாடகைக்கு எடுத்து, தக்காளியும் பூசணியும் வளர்க்கிற இடம் அது. அடுத்த நாளே பக்கத்துத் தோட்டத்து யென்ஸ் அதன்கீழ் தன் பெயரை எழுதி, "நான் தலைவராக விரும்புகிறேன், என்னால் நன்றாகச் செய்ய முடியும்" என்றும் சேர்த்துவிட்டார். வாசித்த எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. ஒரு மனிதன் தன் ஆசையை இப்படியா படலையில் தொங்கவிடுவது?

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம்மிடம் பதவிக்கு ஆசைப்படலாம், கேட்கத்தான் கூடாது. எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் செல்லத்துரை மாஸ்டர் மடிப்புக் கலையாத வேட்டி சால்வையோடு வந்து கடைசி வாங்குப் பலகையில் இருப்பார். யாராவது அவர் பெயரைச் சொன்னதும் பதறி எழுவார். "எனக்கு ஏலாது, இளம் ஆக்களைப் போடுங்கோ!" இரண்டாம் தரம் கேட்டால் உடம்பு சரியில்லை என்பார். மூன்றாம் தரம், "நீங்கள் எல்லாரும் இவ்வளவு வற்புறுத்தேக்கை..." என்று இழுத்துவிட்டு, நேரே மேடைக்குப் போய், சட்டைப் பையிலிருந்து ஏற்புரையை எடுப்பார். மண்டபமே கைதட்டும். அதை யாரும் நடிப்பென்று நினைத்ததில்லை. நாட்டுக்கு ஜனாதிபதியாக நிற்கிறவர்கள், தோற்பது நிச்சயம் என்று தெரிந்தவர்கள்கூட, "மக்கள் கேட்டார்கள், தட்ட முடியவில்லை" என்றுதானே சொல்கிறார்கள்? எந்த மக்கள் என்று நாங்களும் கேட்பதில்லை. அந்தக் கூட்டங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு இளகிவிடும்.

எனக்கும் தலைவராக ஆசை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில், என்னை இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதே நாட்டில் நாலு பேர் என்னைத் தலைவர் என்று கூப்பிட்டால் எப்படியிருக்கும்! புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவி சாந்தியோடு கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தேன்.

பதவி விலகும் தலைவி பிரிகிட்டே, நான் எதிர்பார்த்தபடியே, என் பெயரைச் சொன்னார். "திரு. சிவா, நீங்களும் போட்டியிடுகிறீர்களா?" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மனசு துள்ளியது. எழுந்து, எனக்கு அந்தத் தகுதி இல்லை, வேறு யாரையாவது தெரிவு செய்யுங்கள் என்று எனக்குத் தெரிந்த மிகப் பணிவான ஜெர்மனில் சொன்னேன்.

"நல்லது, உங்கள் முடிவை மதிக்கிறோம்" என்றார் பிரிகிட்டே. உண்மையாகவே மதித்துவிட்டார். நான் இரண்டாம் தரத்துக்காகக் காத்திருக்க, வாக்கெடுப்பு முடிந்து, யென்ஸின் கையில் பூங்கொத்தும் போய்ச் சேர்ந்துவிட்டது.

திரும்பி வரும்போது டிராமில் சாந்தி கேட்டாள். "ஆசைப்பட்டனீங்கள், ஓம் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"இன்னொருக்காக் கேப்பினம் எண்டு நினைச்சன்."

"இஞ்சை ஆரப்பா ரெண்டாந்தரம் கேக்கிறது?"

அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி யார் எதைக் கேட்டாலும் முதல் தரமே சம்மதிப்பது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

அடுத்த மாதம் இங்குள்ள எங்கள் தமிழ் மன்றத்தின் பொதுக்கூட்டம். செயலாளர் குகன் எழுந்து, "இந்த முறை எங்கடை சிவா அண்ணைதான் தலைவரா வரவேணும்" என்றான்.

"ஓம், நான் வாறன்" என்று எழுந்தேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. என்னை வற்புறுத்துவதற்கென்று எழுந்த இருவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அண்ணைக்கு இவ்வளவு பதவி ஆசையோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். மேடைக்குப் போகக் கால் வரவில்லை, திரும்ப இருக்கவும் முடியவில்லை. முன்னாலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்தபடி, எழுந்த இடத்திலேயே நின்றேன்.