தம்பி பொண்டாட்டியின் சுருதிப் பெட்டி

என் தம்பி பொண்டாட்டி பாட்டு கட்டுகிறவள். இதைச் சொன்னால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்தப் படத்துல? எந்தப் படத்திலும் இல்லை, எங்கள் வீட்டுச் சமையலறையில். அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடி, அவளே இணையத்தில் ஏற்றுகிறாள். கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் நான், இன்னொன்று என் தம்பி. நாத்தனார் வாயில் நல்ல வார்த்தை வருமா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நான் துணி தைப்பவள். வாசல் அறையில்தான் என் மெஷின். ஞாயிற்றுக்கிழமை மதியம், தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம்தான் அவளுக்குப் பதிவு நேரம். அப்போது நான் மெஷினைத் தொடக்கூடாது. சமையலறை ஜன்னலைச் சாத்துவாள், கதவின்மேல் கம்பளியைத் தொங்கவிடுவாள். சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று தொல்லை பண்ணுகிறது என்று கழற்றி என் மடியில் வைத்து, அதன்மேல் ஒரு தலையணையையும் வைப்பாள். கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவிட்டுப் பாடத் தொடங்குவாள். தைக்க வேண்டிய துணி மலைபோல் கிடக்க, நான் கடிகாரத்துக்குக் காவல் இருப்பேன். ஒரே வரியை மறுபடி மறுபடி பாடுவாள். நல்லாத்தானே இருந்துச்சு என்று கேட்டால், "இல்ல அண்ணி, பொய் சொல்ற மாதிரி இருந்துச்சு" என்பாள். பாட்டில் பொய்யென்ன மெய்யென்ன என்று எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

எப்போதும் வாய்க்குள் ஏதாவது ஓடிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு முணுமுணு என்று பெயர் வைத்தேன். அது தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் தண்ணீர் அலுவலகத்தில் புகார் கேட்கிற வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை ஊராரிடம் திட்டு வாங்க வேண்டும். குழாயில் சேறு வந்தாலும் அவள் குற்றம், வராவிட்டாலும் அவள் குற்றம். "புரியுதுங்க, பதிவு பண்ணிட்டேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல அனுமதி கிடையாது. அந்தத் திட்டுகள்தான் அவளுடைய பாட்டு.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது, அன்றைக்குக் கேட்டதில் எந்த வாக்கியம் காதைவிட்டுப் போகவில்லையோ அதைப் பிடித்துக்கொள்வாள். எதையும் எழுதி வைப்பதில்லை. இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் மறந்துபோனது மறக்க வேண்டியது என்பது அவள் கணக்கு. மறக்காததை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே இழுத்து, மடக்கி, திருப்பிப் பார்ப்பாள். ஒருநாள் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாளாம்: "மேல் வீட்டுக்கு வருது, கீழ் வீட்டுக்கு வருது, நடு வீட்டுல நான் என்ன பாவம் பண்ணேன்?" அதுதான் 'நடு வீடு' பாட்டு. அவள் கட்டியதில் எனக்குப் பிடித்தது அதுதான். இதை அவளிடம் சொன்னதில்லை, தலைகால் புரியாமல் ஆடுவாள் என்று.

கேட்டவர்கள் சொல்வதெல்லாம் வேறு. ஒரு காதல் பாட்டு பாடக்கூடாதா என்பார்கள். குரல் நல்லா இருக்கு, பின்னாடி ஏதோ உறுமுதே என்பார்கள். அவளுடைய அலுவலக அதிகாரி, "தண்ணி வராததுக்கெல்லாமா பாட்டு?" என்று சிரித்தாராம். அன்றைக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி எறிந்த வேகத்தில் அது என் மெஷினுக்கடியில் போய் விழுந்தது.

"உனக்கு என்னதான்டி வேணும்?" என்று கேட்டேன். "பெரிய பாடகி ஆகணுமா?"

"இல்ல அண்ணி. என்கிட்ட கத்துறாங்க பாருங்க, அதுல ஒருத்தராவது என் பாட்டக் கேட்டுட்டு, அட, இது நம்ம வீட்டு விஷயமாச்சேன்னு ஒரு நிமிஷம் கத்தாம இருக்கணும். அது போதும்."

இவ்வளவு சின்ன ஆசை ஏன் நிறைவேற மாட்டேன் என்கிறது என்று எனக்கே ஆத்திரம் வந்தது.

அவளுடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பாடுவதற்கு முன் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துவிடுவாள். நாங்கள் குடிவந்த காலத்து ஃப்ரிட்ஜ் அது, கிழட்டு நாய் மாதிரி உறுமும். அடைத்த அறையில் புழுக்கம் தாங்காமல் குளிர்ச்சிக்குத் திறக்கிறாள் என்றுதான் நானும் தம்பியும் நினைத்திருந்தோம். பால் திரிந்துபோகும். தம்பிக்கு வயரிங் வேலை. மின்சாரம் வீணாவதைக் கண்டால் அவனுக்கு உடம்பே எரியும். கம்பளியை விலக்கித் தலையை நீட்டி, "கதவ மூடுடி, எல்லாம் கெட்டுப்போகுது" என்பான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பாட்டு முடியட்டும்" என்பாள். வாராவாரம் இதே வசனம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைகூட இதைச் சொல்லிக்காட்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சிறிய அரங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகப் பாட்டு கட்டுகிறவர்களுக்கு மாதம் ஒரு மாலையைக் கொடுப்பார்களாம். பியானோ வாசிக்க ஆளும் அவர்களே தருவார்களாம். எத்தனையோ இடங்களுக்குப் பாட்டை அனுப்பி, கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தவளுக்கு முதல் பதில். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் முகம் மலரவில்லை.

"இதுவும் சரியா வரலைன்னா விட்டுடறேன் அண்ணி" என்றாள். "சும்மா சொல்லல. திட்டு வாங்கறதும் நானே, அதப் பாடறதும் நானே, கேக்கறதும் நானேன்னா எத்தன நாளைக்கு? அப்புறம் ஞாயித்துக்கிழமை நீங்க மெஷின தாராளமா ஓட்டலாம்."

மெஷினை ஓட்டலாம் என்றதும் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அன்று இரண்டு சட்டைக்குக் கை மாற்றித் தைத்துவிட்டேன்.

என் தம்பி நல்லவன்தான். ஆனால் பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. நிகழ்ச்சிக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது, அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, இரண்டு பேர் ஒரு புது ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழையதைக் கடைக்காரனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் வந்ததும் தம்பி வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"காத வெச்சுப் பாரு. சத்தமே இல்ல. இனி உன் பாட்டுக்குப் பின்னாடி உறுமுதுன்னு ஒருத்தன் சொல்ல முடியாது."

அவள் கேட்டது ஒன்றுதான். "பழசு எங்க?"

"அத எப்பவோ உடைச்சிருப்பாங்க."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அவள் முறையாகச் சங்கீதம் படித்தவள் இல்லை. பெட்டி வைத்துச் சுருதி சேர்க்கவும் தெரியாது. அந்த ஃப்ரிட்ஜின் உறுமலோடு குரலைச் சேர்த்துத்தான் எல்லாப் பாட்டையும் கட்டியிருக்கிறாள். மோட்டார் நின்றுவிட்டால் குரல் வழுக்குகிறது என்றுதான் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள், வெப்பம் உள்ளே போனால் அது நிற்காமல் ஓடுமே. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சுருதி மாதா, லயம் பிதா என்பார்கள். இவளுடைய மாதாவை என் தம்பி உடைக்கக் கொடுத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பார்த்த பார்வையில் அது தொண்டையிலேயே நின்றது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றான் தம்பி.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள்.

கைபேசியில் பதிவாகியிருந்த உறுமலைப் போட்டுப் பார்த்தாள். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் அது கொசு பாடுவது போல இருந்தது. புது ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துப் பார்த்தாள். அது மூச்சே விடவில்லை, கதவை மூடச் சொல்லி மணிதான் அடித்தது.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஒத்திகைக்கு நானும் கூடப் போனேன். பியானோக்காரர் பொறுமையான மனிதர். ஒரு கட்டையை அழுத்திப் பாடச் சொன்னார். தொடக்கம் சரியாக இருந்தது, நாலாவது வரிக்குள் அவள் மேலே போய்விட்டாள். அடுத்த கட்டையை அழுத்தினார், கீழே வந்துவிட்டாள். திரும்பத் திரும்ப இதே கூத்துதான். கடைசியில் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க தப்பாப் பாடல. ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்கிறீங்க. அந்த எடத்துல எங்கிட்ட கட்டையே இல்ல. இந்தப் பியானோவ ஒரு பாட்டுக்காக இறக்கி ஏத்தவும் முடியாது."

மேலும் இல்லை, கீழும் இல்லை. அவள் மேடையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் அரங்கத்துக்குள்ளேயே கடைசி வரிசைக்குப் பின்னால் போனாள். எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. தம்பிமேலா, பியானோமேலா, வாயைத் திறந்து எதையும் சொல்லாத இவள்மேலா? தண்ணீர் வாங்கிக் கொடுக்கலாம் என்று பின்னாலேயே போனேன்.

அங்கே இடைவேளையில் குளிர்பானம் விற்கிற மேசை. அதை ஒட்டி ஒரு பழைய கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ். அவள் அதன்மேல் நெற்றியைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். உடம்பு முடியவில்லையோ என்று கிட்டே போனால், பாடிக்கொண்டிருந்தாள். மேல் வீட்டுக்கு வருது, கீழ் வீட்டுக்கு வருது. குரல் வழுக்கவே இல்லை.

இந்த ஃப்ரிட்ஜோடும் அவள் குரல் எப்படிச் சேருகிறது என்று தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பழைய மோட்டாரெல்லாம் ஒரே கரண்ட்டுல கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்க்கா உறுமும்" என்றான். பிறகு, "அது நல்லா ஓடுதாக்கா?" என்று கேட்டான்.

அரங்கத்தைப் பார்த்துக்கொள்கிற மேனேஜரிடம் அவளே போய்ப் பேசினாள்.

"நிகழ்ச்சி நேரத்துல அத அணைச்சிடுவோம் மேடம். சத்தம் வரும்."

"எனக்கு அந்தச் சத்தம்தான் சார் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். இவளைக் கட்டுப்படுத்துகிற பெரிய மனுஷி நான்தான் என்று நினைத்திருப்பார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். பியானோக்காரர், "ஃப்ரிட்ஜுக்கு நான் பக்கவாத்தியம் வாசிக்க மாட்டேம்மா" என்று மூடியைச் சாத்திவிட்டார். அவள் ஃப்ரிட்ஜை ஒட்டி நின்றே பாடட்டும் என்று மேனேஜர் நாற்காலிகளையெல்லாம் பின்பக்கம் பார்த்துத் திருப்பிப் போட ஒத்துக்கொண்டார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "கதவ மட்டும் திறக்கக்கூடாது. இடைவேளைக்கு விக்க வேண்டிய சரக்கு அது."

மறுநாள் மாலை நாற்காலிகள் பாதிதான் நிறைந்தன. வந்தவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்வதா என்று முணுமுணுத்தார்கள். பியானோக்காரரும் வந்து இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி ஓரமாகச் சுவரை ஒட்டி நின்றான். அவளோடு அவனுக்கு இன்னும் சரியாகப் பேச்சு இல்லை.

முதல் பாட்டு வழுக்காமல் தப்பியது. இரண்டாவதில் ஒருவர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவதுதான் 'நடு வீடு'. அவள் முதல் வரியை முடித்து இரண்டாவதை எடுக்கிற நேரத்தில், ஃப்ரிட்ஜ் ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு நின்றுபோனது.

அரங்கம் கிணறு மாதிரி ஆகிவிட்டது. அவள் விடாமல் பாடினாள். ஆனால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகக் கேட்ட காது இது. குரல் நகருவது எனக்கே தெரிந்தது. பியானோக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் பாதி வரியில் நிறுத்திவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க" என்றாள். புகார் கேட்கும்போது பேசுகிற அதே குரல். அவ்வளவுதான், முடிந்தது, இனி ஞாயிற்றுக்கிழமை எனக்கு மெஷின் ஓடும் என்று நினைத்தேன்.

அப்போது தம்பி சுவரைவிட்டு நகர்ந்தான். எல்லாரும் பார்க்க, செருப்புச் சத்தம் கேட்க நடந்துபோய், அந்தக் கண்ணாடிக் கதவை முழுசாகத் திறந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். குளிர் முன்வரிசைவரை வந்தது. அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ தெரியாது, ஃப்ரிட்ஜ் மறுபடி உலுக்கிக்கொண்டு உறுமத் தொடங்கியது.

அவள் மூச்சை இழுத்து, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

மேனேஜர் குனிந்தபடியே ஓடிவந்தார். "சார், கதவ மூடுங்க சார். எல்லாம் கெட்டுப்போகுது" என்றார் தம்பியின் காதில்.

என் தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாட்டு முடியட்டும்" என்றான்.