மச்சான் அழிக்காத முகவரி

புதிய மெய்நிகர் கணினிகளைத் தானாக உருவாக்கும் ஸ்கிரிப்டில் தரவுத்தள முகவரியைச் சூழல் மாறியாக, அதாவது செயலி எழும்போது எடுத்துக்கொள்ளும் குறிப்பாக, எழுதியிருந்தேன். கணினி எழுந்ததும் எங்கள் செயலி ‘முகவரி இல்லை’ என்று நின்றுவிடும். நான் உள்நுழைந்து பார்த்தால் முகவரி இருக்கும். யாரோ அழித்துவிட்டு மறுபடி எழுதுவதாகவே நினைத்தேன். கடவுச்சொல் தெரிந்த இன்னொருவர் என்னோடு வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி. எங்களூர் வழக்கப்படி நான் குடியிருப்பதோ பெண்வீட்டில்; அது அவருக்குப் பொறுக்கவில்லை என்று எண்ணிக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவரிடம் சொல்லாமல் கடவுச்சொல்லை மாற்றினேன்.

“என்னக் கள்ளனெண்டா நினைச்ச நீங்க, மச்சான்?” என்று வந்தார். முகவரி காணாமல் போவதைச் சொன்னேன். “அத எந்த பைல்ல எழுதின நீங்க?”

ஆள் உள்நுழையும்போது மட்டும் படிக்கப்படும் கோப்பில் எழுதியிருந்தேன். தானாக எழும் செயலி அதைத் திறப்பதேயில்லை. செயலியின் சொந்தக் கோப்புக்கு மாற்றியதும் ஓடியது.

மறுநாள் கல்யாண வீட்டில், பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹனில் என்னோடு கைபோட்டு உண்ண அவர் வரவில்லை.