கல்லறைத் தோட்டத்தில் அறுபது வீடுகள்

சான் ஒரேலியோவின் நகரமைப்பு அலுவலகத்தில் பதினாறு ஆண்டுகளாக ரமிரோ கெசாடா ஒருவர்தான் அதிகாரி. புதிய வீடு ஏன் கட்டமுடியாது என்று எழுதுவது அவர் வேலையில் பாதி. நிழல் விழும், நெரிசல் வரும், ஓக் மரங்களுக்கு ஆகாது. நன்றாக எழுதுவார். எங்கள் ஊர் வாடகை அவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. தினமும் இரண்டு மணி நேரம் காரோட்டி வருவார்.

ஒருநாள் கலிபோர்னியா அரசின் கடிதம் வந்தது. இருநூற்றுப் பத்து வீடுகளுக்கு ஊர் இடம் காட்டவேண்டும். கெடுவுக்குள் ஒழுங்கான பட்டியல் தராவிட்டால், கட்டுமானக்காரர் கேட்கும் உயரத்தை ஊர் மறுக்கமுடியாது.

மேயர் மார்ஜரி ஹால்டேனுக்கு முகம் சிவந்தது.

“நம்ம ஊரு எப்படி இருக்கணும்னு தலைநகர் சாக்ரமெண்டோவுல உக்காந்திருக்கிறவன் சொல்றதா? இடந்தானே வேணும்? கல்லறைத் தோட்டத்தைப் போடு, ரமிரோ.”

“அங்க ஏற்கெனவே ஆளுங்க இருக்காங்களே.”

“ஓரமா இடம் இருக்குல்ல? அறுபது வீடுன்னு எழுது.”

எழுதினார். மீதியை ஆடுகூட ஏறாத மலைச்சரிவில் போட்டார். மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“கல்லறைத் தோட்டம்னு போட்டிருக்கீங்க. அது ஏதாவது தெருப் பேருங்களா?”

“இல்லைங்க. கல்லறைத் தோட்டமேதான்.”

பட்டியல் திரும்பி வந்தது. இம்முறை ரமிரோ யாரையும் கேட்காமல் டென்னிஸ் கிளப்பின் கார் நிறுத்துமிடத்தை எழுதினார். மூன்று மாடி.

பொதுக்கூட்டத்தில் நிற்க இடமில்லை. ஓய்வுபெற்ற பல் மருத்துவர் வால்டர் பிரிங்க்லி எழுந்தார்.

“மூணு மாடியாம்! அதுல யாரு வந்து குடியிருக்கப் போறாங்க? அதைச் சொல்லு முதல்ல.”

“நான் வருவேன்,” என்றார் ரமிரோ.

பிரிங்க்லி அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“உன்னைச் சொல்லலப்பா. நீ நம்ம ஆளு. வேற ஆளுங்க வருவாங்கள்ல, அவங்களைச் சொல்றேன்.”

எல்லோரும் ரமிரோவுக்காகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவர் தண்ணீர் குடித்தார். நகர மன்ற வாக்கெடுப்பில் பட்டியல் ஒருமனதாகத் தோற்றது.

கெடு முடிந்த பதினோராம் நாள், மூடிக்கிடந்த மரச்சாமான் கடை இருந்த இடத்தில் ஏழு மாடி கட்ட ஒரு விண்ணப்பம் வந்தது.

“ஏதாவது காரணம் எழுதேன், ரமிரோ,” என்றார் மேயர். “நீ எழுதாத காரணமா?”

“எழுதலாம். செல்லாது.”

“நிழலு?”

“விழும். ஆனா செல்லாது.”

அனுமதியில் ரமிரோவே முத்திரை குத்தினார். சந்தோஷமா என்று கேட்டேன்.

“எங்க சந்தோஷம்? அசிங்கமா இருக்கு. மூணு மாடியோட முடிஞ்சிருக்க வேண்டியது.”

கட்டடம் எழுந்ததும் அதிலிருந்த குறைந்த வாடகை வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. ரமிரோவுக்கு ஐந்தாம் மாடி கிடைத்தது. மனைவி ஒஃபேலியா வீட்டைப் பார்த்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாளாம்.

போன மாதம் பிரிங்க்லி ஒரு புகார் அனுப்பினார்: ஐந்தாம் மாடியில் யாரோ பால்கனியில் துணி காயப்போடுகிறார்கள். புகார் ரமிரோவின் மேசைக்குத்தான் வந்தது. விதிகளைப் புரட்டினார். தடை எதுவும் இல்லை. அப்படியே பதில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.