வேட்டை என்று எழுதாத கருவி

ஒரு விளம்பரத் தாளில் தோளில் துப்பாக்கி மாட்டிய வெள்ளைக்காரன். இன்னொன்றில் புல்வெளியில் கோல்ஃப் மட்டையோடு நிற்கும் வெள்ளைக்காரன். இருவர் கையிலும் ஏறக்குறைய ஒரே கருவி: லேசர் கதிரை அனுப்பி, எதிரே நிற்பது எவ்வளவு தூரம் என்று சொல்வது. குன்னூரில் என் போட்டோ ஸ்டூடியோ மேசையில் அந்தத் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, கால்நடை டாக்டர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. லென்ஸ் விற்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நினைப்பு.

தேயிலை விலை படுத்துவிட்ட காலம் அது. இன்று காட்டெருமை மார்க்கெட் வரை வந்து நின்றாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; அன்று அது தோட்டத்துக்குள் வந்ததே பெரிய செய்தி. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டை முதலாளி போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயிருந்தார். கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல், இடுப்பளவில் நிற்க வேண்டிய தேயிலைச் செடிகள் மரமாகிவிட்டன. அதற்குள் கன்றோடு திரிந்த ஒரு காட்டெருமைப் பசுவின் முன்காலில் கம்பிச் சுருக்கு இறுகி, கால் அழுகத் தொடங்கியிருந்தது. மயக்க ஊசியைத் துப்பாக்கியால் செலுத்திப் படுக்கவைத்தால்தான் கம்பியை வெட்ட முடியும். ஆள் வாடை பட்டாலே அது ஓடியது. எட்ட நின்றுதான் சுட வேண்டும். தூரம் தெரிந்தால்தான் துப்பாக்கிக்கு எவ்வளவு காற்றழுத்தம் வைப்பது என்று தெரியும். கண்மதிப்பில் சுட்டதில் ஏற்கெனவே ஒரு முறை குறி தப்பியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் என் மைத்துனரிடம் சொல்லி ஒரு கருவி வரவழைக்கலாம். எது என்பதுதான் கேள்வி. காட்டுக்கென்றே செய்தது என்பதால் வேட்டைக்காரன் படம் போட்டதை நான் காட்டினேன். டாக்டர் அதைத் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க, கொல்றதுக்குன்னு எழுதியிருக்கறத நான் கையில தொடுவனுங்களா? பந்து வெளையாடறவங்களுது போதுமுங்க."

மாட்டுக்கு ஊசி போடுமுன் அதன் காதில் மன்னிப்புக் கேட்கிற மனிதர். அவரிடம் என்ன வாதாடுவது? இரண்டும் தூரத்தைத்தானே சொல்லப்போகின்றன என்று நானும் விட்டுவிட்டேன்.

கருவி வந்தது. படம் எடுக்க என்னையும் கூட்டிப்போனார். செடிகளின் இடுக்கில் பசுவின் கறுத்த முதுகு தெரிந்தது. டாக்டர் கருவியைக் கண்ணில் வைத்தார், அது காட்டிய எண்ணுக்கு அழுத்தத்தைச் சரிசெய்தார், சுட்டார். ஊசி பாதி வழியிலேயே இறங்கி மண்ணில் குத்தியது. பசு கன்றை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டது. அது நின்ற இடத்தையே மறுபடி அளந்தார், கருவி வேறொரு எண்ணைச் சொன்னது. பிறகுதான் கருவியோடு வந்த சிறு புத்தகத்தைப் பிரித்துப் படித்தோம். கோல்ஃப் கருவி முதலில் எதிர்ப்படுவதைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டத்துக்குக் குழியில் நிற்கும் கொடிக்கம்பின் தூரம் வேண்டும், பின்னாலுள்ள மரத்தின் தூரம் வேண்டாம். வேட்டைக் கருவிதான் முன்னால் நிற்கும் கிளைகளைத் தாண்டிப் பார்க்கும். எங்களுடையது கவ்வாத்து காணாத தேயிலைக் கிளையை அளந்திருக்கிறது. டாக்டர் புத்தகத்தை மூடினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மாற்றுக் கருவிக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். அது வருமுன் பசு ஓடையோரம் செத்துக் கிடந்தது. டாக்டர் அதன் காலிலிருந்து கம்பியை அறுத்தெடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் இரண்டு டம்ளரில் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே கொழுந்து பறித்தவள்; முதலாளி போனதிலிருந்து கூலி இல்லை. டம்ளரை நீட்டியபடி கம்பியைப் பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரரு பன்னிக்குத்தான் சுருக்கு வச்சாருங்க டாக்டரய்யா. இது வந்து மாட்டும்னு நெனைக்கலீங்க."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கம்பியைச் சுருட்டிக் கீழே வைத்தார்.

"பன்னி கெடச்சுதாம்மா?"

"இல்லீங்க."

"கொழந்தைங்க என்ன சாப்பிட்டாங்க?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேட்டில் நின்ற கன்று தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.