இறந்தவர் பெயரில் ஏறிய ஊர்கள்

என் தங்கை அருள்மொழி பத்தாம் வகுப்பில் தவறி, கூலி வேலைக்குப் போய்க்கொண்டே மறுபடி எழுதித் தேறினாள். யார் தடுத்தும் கேட்காமல் ஸ்கூட்டி பழகி, கல்வராயன் மலைக்குத் துணி விற்கப் போனாள். போன வழியெல்லாம் படம் எடுத்து, பெயரில்லாமல் கிடந்த மலையூர்களைக் கூகுள் மேப்பில் ஏற்றினாள்.

போன் கள்ளக்குறிச்சியில் பழையதாக வாங்கியது. அதிலிருந்த கூகுள் கணக்கின் பெயர் பொன்னுரங்கம். போனோடு வந்த பெயர்தானே என்று அவள் மாற்றவில்லை.

ஒருநாள் தியாகதுருகத்திலிருந்து ராஜாம்பாள் என்ற அம்மாள், தாம் போனை விற்ற கடையில் விசாரித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். பொன்னுரங்கம் அவருடைய கணவர். இறந்து இரண்டு வருடமாகிறது.

"உசுரோட இருந்தப்போ ஏரிக்கரையத் தாண்டாத மனுசன். இப்ப மலையெல்லாம் சுத்திக்கினு கீறாரு," என்று சிரித்தவர், அப்படியே அழுதார்.

"தெரியாம செஞ்சிட்டேங்க. எல்லாத்தையும் எடுத்துடறேன்," என்றாள் தங்கை.

"வாணாம்மா! அப்பா இன்னிக்கு எந்த ஊருக்குப் போனாருன்னு எம்பொண்ணு தெனம் மேப்புல பாக்குது."

சில வாரம் பொன்னுரங்கம் பெயரிலேயே ஊர்களை ஏற்றினாள். வண்டியில் பின்னால் யாரோ உட்கார்ந்து வருவதுபோல் இருக்கிறது என்பாள்.

பிறகு அந்தக் கணக்குக்கு ஒரு மெயில் வந்தது: "அப்பா, எப்ப வூட்டுக்கு வருவ?"

மறுநாளே தியாகதுருகம் போய், அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னாள். ஏற்றிய ஊர்களை அவர் பெயரிலேயே விட்டுவிட்டு, போனிலிருந்து அந்தக் கணக்கை நீக்கினாள்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஊரை, முதன்முதலாக அருள்மொழி என்ற தன் பெயரில் ஏற்றியது 11.02.2024, ஞாயிற்றுக்கிழமை.