திருச்சியைப் பார்க்கும் விமானம்

மை பூசிய தகட்டின் மேல் வைத்த காகிதத்தை மரக்கரண்டியின் முதுகால் தேய்த்துக்கொண்டே, "பேசுங்க, காது சும்மாதான் இருக்கு" என்கிறார் மணிமேகலை. தென்னூரில் மாடி அறை. கொண்டையில் ஒரு பென்சில். அச்சிட்ட படத்தில் இருக்கும் பொருளின் சொந்தக்காரர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அந்தப் பென்சில் வெளியே வரும். படத்தின் ஓரத்தில் பிரதி எண்ணும் கையெழுத்தும் போட.

பகலில் காப்பீட்டு அலுவலக எழுத்தர். மாலையில் ரப்பர் போன்ற லினோலியம் தகட்டைச் செதுக்கி, மை உருட்டி, ஒரு படத்துக்கு இருபத்தைந்து பிரதிகள் எடுக்கிறார். பிறந்தது ஸ்ரீரங்கம், கோபுரத்தைச் செதுக்கியதே இல்லை. "அதை எல்லாரும் போடுறாங்க. இதுக்கு யாருங்க இருக்கா?" 'இது' என்றால், தொட்டியம் சாலையில் ஆளுயர சிமெண்ட் வாழைத்தார். அப்புறம், சமயபுரம் சாலையில் அப்துல் ரஹீம் தன் மொட்டைமாடியில் கட்டிய விமானம். உள்ளே தண்ணீர்த் தொட்டி. "பிளேன் வீடு எறங்கு!" என்றுதான் கண்டக்டர்கள் கத்துகிறார்கள்.

விமானத்தைச் செதுக்கப் பதினெட்டு நாள். பதினைந்து பிரதிகள் எடுத்ததும் ஒன்றை ரஹீமின் மனைவி சாரா பீவியிடம் காட்டினார். அவர் சிரிக்கவில்லை.

"என்ன மேகலை, திரும்பிப் போவுது? எங்க பிளேன் ஊருக்கு வர்ற பிளேன். அவரு துபாய்ல இருபத்திரண்டு வருசம் இருந்தது பத்தாதா?"

செதுக்கியது அச்சில் இடம் வலமாகும். அதனால் படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் வரைய வேண்டும். அவசரத்தில் மணிமேகலை அதை மறந்துவிட்டார். சாலையிலிருந்து பார்த்தால் திருச்சிப் பக்கம் இருக்கும் மூக்கு, காகிதத்தில் சென்னைப் பக்கம்.

அவருடைய படங்களை வைக்கவிருந்த கண்காட்சிக்குப் பத்தே நாள். அதை நடத்தும் நவநீதன் கெஞ்சினார்: "யாருக்குக்கா தெரியப் போவுது? பிளேன்னா ரெண்டு பக்கமும்தான் பறக்கும்."

"சாராக்காவுக்குத் தெரியுதுல்ல?"

லீவு போட்டார். புதுத் தகடு, மறுபடி முதலிலிருந்து. இறக்கையில் ஒரு வரி பிசகியதும் அதையும் தூக்கிப் போட்டு இன்னொன்று. தவறிய பதினைந்து பிரதிகளின் முதுகில் இப்போது சோதனை அச்சுகள் இருக்கின்றன. நல்ல காகிதத்தை வீணாக்க மாட்டார்.

ஒன்பதாம் நாள் காலை, மை முழுதாகக் காயாத ஒரு பிரதியோடு அந்த வீட்டு வாசலில் நின்றார். சாரா பீவி சாலை ஓரத்துக்கே வந்துவிட்டார். காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, மாடியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி மாடியை. பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கூவினார்:

"ஏங்க, வெளிய வாங்க! வந்து எறங்கியாச்சு!"

மணிமேகலை ஸ்கூட்டர் சீட்டில் காகிதத்தை விரித்தார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார்.